30 மணி நேரம்... 23 கிரெடிட்! பட்டப் படிப்பின் கணக்கைப் படிக்கத் தெரியுமா?

ஜூன் கடைசியில் காலை எட்டு மணிக்கு ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. புதுப் பை, புது அடையாள அட்டை என முதலாண்டு மாணவ மாணவியர் நெருக்கியடித்து நிற்பார்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டி சத்திரம் பேருந்து நிலையம் வந்ததும் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள். செயின்ட் ஜோசப், ஹோலி கிராஸ், சீதாலட்சுமி ராமசாமி கல்லூரிகளுக்குப் போகிறவர்கள் அவர்கள். தேசியக் கல்லூரி, பிஷப் ஹீபர், ஜமால் முகமது, பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரிகளுக்குப் போகிறவர்கள் அங்கிருந்து அடுத்த பஸ் பிடிப்பார்கள். இன்னும் சிலர் ஆற்றைக் கடக்காமலே ஸ்ரீமத் ஆண்டவன் கல்லூரிக்குப் போய்விடுவார்கள்.

எந்தக் கல்லூரியானாலும் முதல் வாரத்தில் எல்லோர் கைக்கும் ஒரு தாள் வந்து சேரும். மூன்றாண்டுகளில் படிக்க வேண்டிய பேப்பர்கள் அனைத்தும் செமஸ்டர் வாரியாக அதில் அச்சாகியிருக்கும். பேப்பரின் பெயரைப் பார்ப்பார்கள், எத்தனை பேப்பர் என்று எண்ணுவார்கள், தாளை மடித்துப் பையில் போட்டுவிடுவார்கள். பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எண்கள் இருப்பதைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. ஒன்று, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு என்பது. இன்னொன்று, எத்தனை கிரெடிட் என்பது.

அந்த இரண்டாவது எண்ணைப் புரிந்துகொள்ளாமல் மூன்றாண்டுகளைக் கடந்து, மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் பலரும் அதன் கனத்தை உணர்கிறார்கள். முதல் செமஸ்டரிலேயே அதைப் புரிந்துகொண்டால் என்ன கிடைக்கும் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

தாளில் உள்ள இரண்டு எண்கள்

தமிழ்நாடு உயர்கல்வி மன்றம் 2023-24 கல்வியாண்டுக்காக வகுத்த மாதிரிப் பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்வோம். இளநிலைப் பட்டத்துக்கு மொத்தம் 140 கிரெடிட். வாரத்துக்கு 30 மணி நேரம் வகுப்பு. ஆறு நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம். மாணவர்கள் 'டே ஆர்டர்' என்று சொல்வது இந்தச் சுற்றைத்தான்.

ஒரு முதல் செமஸ்டர் இப்படி அமையும்: பகுதி ஒன்றில் தமிழுக்கு 6 மணி நேரம், 3 கிரெடிட். பகுதி இரண்டில் ஆங்கிலத்துக்கும் அதே 6 மணி நேரம், 3 கிரெடிட். பகுதி மூன்றில் இரண்டு மேஜர் பேப்பர்கள். ஒவ்வொன்றுக்கும் 5 மணி நேரம், 5 கிரெடிட். முன்பு 'அலைடு' என்று அழைக்கப்பட்ட துணைப் பாடத்துக்கு 4 மணி நேரம், 3 கிரெடிட். பகுதி நான்கில் திறன் பாடத்துக்கும் அடிப்படைப் பாடத்துக்கும் தலா 2 மணி நேரம், 2 கிரெடிட். கூட்டிப் பாருங்கள்: 30 மணி நேரம், 23 கிரெடிட்.

வகுப்பு மணி நேரமும் கிரெடிட்டும் ஒன்றல்ல என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. வாரம் 6 மணி நேரம் உட்காரும் பாடத்துக்கு 3. 5 மணி நேரம் உட்காரும் பாடத்துக்கு 5. மணி நேரம் என்பது நீங்கள் வகுப்பில் செலவிடும் பொழுது. கிரெடிட் என்பது உங்கள் பட்டத்தில் அந்தப் பேப்பருக்கு இருக்கும் எடை.

பொறியியலில் கணக்கு வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி வாரத்துக்கு ஒரு பீரியட் தியரி நடந்தால் 1 கிரெடிட். ஒரு பீரியட் லேப் நடந்தால் அரை கிரெடிட். நான்கு பீரியட் லேபில் நின்றாலும் 2 கிரெடிட்தான். நவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி மாணவரைக் கேட்டால் '2+1' என்பார்: தியரிக்கு இரண்டு, பிராக்டிகலுக்கு ஒன்று. ஒரே ஊரில் மூன்று விதமான கணக்கு. ஆகவே அண்ணனோ பக்கத்து வீட்டு அக்காவோ படித்த கல்லூரியின் கணக்கை வைத்து உங்கள் கல்லூரியை அளக்க முடியாது. உங்கள் தாளைத்தான் படிக்க வேண்டும்.

எடையும் விலையும்

காந்தி மார்க்கெட்டில் ஒரு மூட்டை வெங்காயத்துக்கு என்ன தொகை என்று பார்க்க, எடையைக் கிலோ விலையால் பெருக்குவார்கள். சிஜிபிஏ கணக்கும் அப்படித்தான். கிரெடிட் எடை, நீங்கள் வாங்கும் கிரேடு புள்ளி விலை. ஒவ்வொரு பேப்பருக்கும் இரண்டையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் வருவது கிரேடு சராசரி.

மேலே சொன்ன செமஸ்டரை இரண்டு மாணவியர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் மாணவி தமிழிலும் ஆங்கிலத்திலும் 9, இரண்டு மேஜரிலும் 6, துணைப் பாடத்தில் 7, பகுதி நான்கின் இரண்டு பேப்பரிலும் 10 வாங்குகிறார். இரண்டாம் மாணவி இரண்டு மேஜரிலும் 9, மற்ற ஐந்து பேப்பரிலும் 7 வாங்குகிறார்.

பேப்பர்களை வெறுமனே கூட்டி வகுத்தால் முதல் மாணவிக்கு 8.14, இரண்டாமவருக்கு 7.57. முதலாமவர் வெகுவாக முந்தியிருப்பதாகத் தோன்றும். கிரெடிட்டால் பெருக்கிப் பாருங்கள். முதலாமவர் 175 புள்ளி. 23 ஆல் வகுத்தால் 7.61. இரண்டாமவர் 181 புள்ளி, வகுத்தால் 7.87. வரிசை மாறிவிட்டது! நான்கு பேப்பரில் பின்தங்கிய பெண், எடை அதிகமுள்ள இரண்டே பேப்பரில் முந்தி ஜெயித்துவிட்டார்.

இதைச் சொல்வது, 2 கிரெடிட் பேப்பரைக் கைவிடுங்கள் என்பதற்காக அல்ல. ஒரு பேப்பரில் தேறாவிட்டாலும் பட்டம் வராது. பாதி கிரெடிட் என்ற பேச்சுக்கே இடமில்லை. தேறினால் முழுதும் வரும், தவறினால் ஒன்றும் வராது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் ஒரு தியரி பேப்பருக்கு இன்டர்னல் 25, பல்கலைத் தேர்வு 75. தேர்வில் 30 வாங்க வேண்டும். 29 வாங்கினால் அந்த 5 கிரெடிட்டும் அப்படியே நின்றுபோகும். அதைத்தான் அரியர் என்கிறோம். எந்த அரியரை முதலில் முடிக்க வேண்டும், தேர்வுக்கு முந்தைய விடுமுறையில் எந்தப் பேப்பருக்கு எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்று திட்டமிடுகிறவருக்குத்தான் கிரெடிட் கணக்கு கை கொடுக்கும்.

முதுகலைச் சேர்க்கையில் பல கல்லூரிகள் பகுதி மூன்றின் மதிப்பெண்ணைத் தனியாக எடுத்துப் பார்க்கின்றன. மேஜரும் துணைப் பாடமும் அடங்கிய பகுதி அது. வேதியியல் முடித்துவிட்டு அதிலேயே முதுகலை சேர நினைப்பவர், ஒட்டுமொத்த சராசரியோடு பகுதி மூன்றின் சராசரியையும் ஒவ்வொரு செமஸ்டரும் போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஓய்வூதியத்தில் பிறந்த அளவுகோல்

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக 1869 இல் பொறுப்பேற்ற சார்லஸ் எலியட், எல்லோருக்கும் ஒரே பாடம் என்ற பழைய ஏற்பாட்டைத் தளர்த்தி, மாணவர்களே பாடங்களைத் தேர்ந்தெடுக்க வழிசெய்தார். ஒவ்வொருவரும் வெவ்வேறு பாடம் படித்தால் எல்லோரும் சமமாகப் படித்திருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? அதற்கு ஒரு பொது அளவு தேவைப்பட்டது.

அந்த அளவை அமெரிக்கா முழுக்க நிலைநிறுத்தியது எதிர்பாராத ஒரு விஷயம்: பேராசிரியர்களின் ஓய்வூதியம். எஃகு வணிகர் ஆண்ட்ரூ கார்னெகி, கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக 1905 இல் ஒரு கோடி டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தை நிர்வகித்த அறக்கட்டளை, திட்டத்தில் சேர விரும்பும் கல்லூரிகளுக்கு ஒரு நிபந்தனை விதித்தது. மாணவர் சேர்க்கையை ஒரே அளவில் கணக்கிட வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் ஓராண்டில் ஒரு பாடத்தை 120 மணி நேரம் படித்தால் ஓர் அலகு. உயர்நிலைப் பள்ளிக்கு வந்த இந்த அலகைப் பின்பற்றிக் கல்லூரிக்குள்ளும் மணி நேரக் கணக்கு பரவியது. வாரம் ஒரு மணி நேர வகுப்பு, அதற்காக வெளியே இரண்டு மணி நேரம் சொந்தப் படிப்பு. இப்படி ஒரு செமஸ்டர் படித்தால் ஒரு கிரெடிட். இன்றும் அமெரிக்கப் பட்டம் ஏறக்குறைய 120 கிரெடிட்டில் நிற்கிறது.

அதே கார்னெகி அறக்கட்டளை 2015 இல் வெளியிட்ட அறிக்கையில், இந்த அலகு படிப்புக்குக் கிடைத்த நேரத்தைக் காட்டுமே தவிர, மாணவர் எவ்வளவு கற்றார் என்பதை அளக்க உருவாக்கப்பட்டதல்ல என்று வெளிப்படையாகச் சொன்னது. கிரெடிட்டை மதிக்கிற நாம் அதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். ஐரோப்பா வேறு வழியில் போனது. மாணவர்கள் நாடு விட்டு நாடு போய்ப் படிக்க உதவியாக 1989 இல் தொடங்கிய ஐரோப்பிய முறையில், ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட். ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வீட்டுப் படிப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் அதில் அடக்கம்.

திருச்சிக்கு வந்த வழி

இந்தியாவில் இந்த முறையை முதலில் கையாண்டவை, அமெரிக்க நில மானியப் பல்கலைக்கழகங்களைப் பார்த்து உருவான வேளாண் பல்கலைக்கழகங்கள். 1960 இல் பந்த்நகரில் தொடங்கிய மரபு அது. நவலூர் குட்டப்பட்டில் இன்று புழங்கும் '2+1' அந்த மரபின் வாரிசு. ஐஐடிகளும் கிரெடிட்டில்தான் கணக்குப் பார்க்கின்றன.

கலை அறிவியல் கல்லூரிகளில் மாற்றம் மெல்ல வந்தது. 1844 இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883 இல் திருச்சிக்கு இடம் மாறிய செயின்ட் ஜோசப் கல்லூரி, 1978 இல் தன்னாட்சி பெற்றது. நாட்டிலேயே முதலில் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளில் அதுவும் ஒன்று. தன்னாட்சி என்றால் பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே வகுத்துக்கொள்ளலாம். 1982 இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் பிறந்தது. 2008-09 இல் அதன் இணைப்புக் கல்லூரிகளுக்கு விருப்பப் பாட கிரெடிட் முறை வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2015 இல் நாடு முழுவதற்கும் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே திருச்சி மாணவர்கள் கிரெடிட் எண்ணத் தொடங்கிவிட்டார்கள்!

கலாமுக்குக் கிடைக்காத வாய்ப்பு

இந்த முறையால் ஒரு மாணவருக்கு என்ன கிடைக்க வேண்டும்? அதற்குத் திருச்சியிலேயே ஒரு கதை இருக்கிறது. 1950 இல் ராமேசுவரத்துப் பையன் ஒருவர் செயின்ட் ஜோசப் கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்ந்தார். 1954 இல் அங்கேயே பி.எஸ்சி. இயற்பியல் முடித்தார். அவர்தான் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதாவும் அதே காலத்தில் அதே கல்லூரியில் இயற்பியல் படித்தவர்.

கல்லூரியின் கடைசி ஆண்டில்தான் தனக்கு ஆங்கில இலக்கியத்தில் ருசி ஏற்பட்டது என்று 'அக்னிச் சிறகுகள்' நூலில் கலாம் நினைவுகூர்கிறார். பட்டம் முடித்த பிறகுதான், இயற்பியல் தன் துறையல்ல, தன் கனவுக்குப் பொறியியலே வழி என்று உணர்ந்ததாகவும் எழுதியிருக்கிறார். இன்டர்மீடியட் முடித்ததுமே பொறியியலுக்குப் போயிருக்கலாமே என்ற எண்ணம் அவருக்கு வந்தது. பிறகு குரோம்பேட்டை எம்ஐடியில் சேர ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார்.

மேதைகள் எப்படியும் வழி கண்டுபிடித்துவிடுவார்கள். சாதாரண மாணவருக்கு அந்த வழியைக் கல்லூரிதான் திறந்துவிட வேண்டும். இயற்பியல் படிக்கும்போதே ஓர் இலக்கியப் பேப்பரைத் தொட்டுப் பார்க்கவும், வணிகவியல் படிக்கும்போதே கணினியைப் பழகிப் பார்க்கவும், "இது எனக்கு வரும், இது எனக்கு வராது" என்று இருபது வயதுக்குள் தெரிந்துகொள்ளவும் ஒரு வாய்ப்பு வேண்டும். விருப்பப் பாடத்தின் நோக்கம் அதுதான். 2 கிரெடிட் என்பதால் அதை அற்பமாக நினைப்பவர்கள், பட்டப் படிப்பில் தாமாகத் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் ஒரு சன்னலை மூடிக்கொள்கிறார்கள்.

தேர்வு உண்மையில் எங்கே இருக்கிறது?

முதல் தேர்வு பகுதி ஒன்றின் மொழி. இங்கே ஸ்ரீரங்கத்துக் குடும்பங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒரு விதி இருக்கிறது. தமிழுக்குப் பதிலாக சம்ஸ்கிருதமோ, இந்தியோ, பிரெஞ்சோ எடுப்பவர்கள் இங்கு கணிசம். பள்ளியில் தமிழே படிக்காமல் வந்து, கல்லூரியிலும் பகுதி ஒன்றில் வேறு மொழி எடுத்தால், பிற துறை விருப்பப் பாடத்துக்கான இடத்தில் அடிப்படைத் தமிழ் படிக்க வேண்டும். பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழி எடுத்தால், அந்த இடத்தில் சிறப்புத் தமிழ் படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பட்டம் வாங்குகிறவர் தமிழைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதற்கான நல்ல ஏற்பாடு இது. மதிப்பெண் சுலபமாக வரும் என்று நினைத்து மொழியை மாற்றுகிறவர்கள், பிற துறைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அங்கேயே செலவழித்துவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சம்ஸ்கிருதத்தின் மேல் உண்மையான பற்று இருந்தால் தாராளமாக எடுங்கள். மதிப்பெண்ணுக்காக மட்டும் எடுத்தால், கிடைப்பதையும் இழப்பதையும் சீர்தூக்கிப் பாருங்கள்.

இரண்டாவது தேர்வு, 'என்எம்இ' என்று மாணவர்கள் சொல்லும் பிற துறைப் பாடம். மூன்றாவது, மேஜருக்குள்ளேயே கடைசி ஆண்டில் வரும் எலெக்டிவ். காகிதத்தில் மூன்றும் மாணவரின் விருப்பம். நடப்பில் பல கல்லூரிகளில், "உங்கள் வகுப்புக்கு இந்தப் பேப்பர்" என்று துறையிலிருந்தே சொல்லிவிடுகிறார்கள். அறுபது பேரும் ஒரே பாடத்தில் உட்காருகிறார்கள்.

இதற்கான காரணங்களையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு என்பது மானியக் குழுவின் விதி. பாடத்தின் மணி நேரத்தை வைத்துத்தான் ஒரு துறைக்கு எத்தனை ஆசிரியர் என்ற கணக்கு போடப்படுகிறது. தம் மாணவர்கள் வேறு துறைக்குப் போனால் மணி நேரம் குறையும், பணியிடம் குறையும் என்ற அச்சம் துறைகளுக்கு இருக்கிறது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இருக்கும் 6 மணி நேரத்தைக் குறைக்கும் பேச்சு எழும்போதெல்லாம் ஆசிரியர்கள் எதிர்ப்பதன் பின்னணியில் மொழிப்பற்றோடு இந்தக் கணக்கும் உண்டு. வகுப்பறைப் பற்றாக்குறை, காலை ஷிப்ட் மாலை ஷிப்ட் என்ற பிரிவு, காலியாகக் கிடக்கும் பணியிடங்கள் எல்லாம் சேர்ந்து மாணவரின் விருப்பத்தைச் சுருக்குகின்றன.

ஆனால் இதற்கெல்லாம் விலை கொடுப்பவர் மாணவர். பெயரிலேயே விருப்பத்தை வைத்திருக்கும் ஒரு முறையில் விருப்பத்துக்கு இடமில்லை என்றால், மிஞ்சுவது கிரெடிட் என்ற எண் மட்டுமே.

வகுப்புக்கு வெளியே கிடைக்கும் கிரெடிட்

கல்லூரியில் விருப்பமான பாடம் கிடைக்காதவருக்கு இன்று இன்னொரு கதவு திறந்திருக்கிறது. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல், மத்திய அரசின் ஸ்வயம் ஆகிய தளங்களில் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற மட்டும் கட்டணம். என்பிடெல்லில் 4 வாரப் பாடத்துக்கு 1 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3 என்பது பொதுக் கணக்கு. வாராவாரம் தரும் அசைன்மென்ட்டுக்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75.

மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை இப்படி ஆன்லைனில் படிக்கலாம் என்று மானியக் குழு 2021 இல் அனுமதித்தது. ஆனால் அந்த கிரெடிட் உங்கள் பட்டத்தில் சேருமா என்பதை முடிவுசெய்வது உங்கள் கல்லூரியும் பல்கலைக்கழகமும்தான். எந்தப் பாடத்துக்கு ஈடாக அது ஏற்கப்படும், கூடுதல் கிரெடிட்டாக மட்டும் பதிவாகுமா என்பதைப் பாடத்தில் சேரும் முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டு வாரம் படித்து, தேர்வும் எழுதிவிட்டு, பிறகு "இது கணக்கில் வராது" என்று கேட்பதைவிட வேதனை வேறில்லை.

தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் திறன் பாடங்களும் இப்போது கிரெடிட்டோடு பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டன. பொறியியல் மாணவர்களுக்கு 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று தலா 1 கிரெடிட்டில் இரண்டு பாடங்களை அண்ணா பல்கலைக்கழகம் சேர்த்திருக்கிறது. ஒரு கிரெடிட்தானே என்று இவற்றை ஒதுக்காதீர்கள். கல்லணையைக் கட்டியவர்களின் நீர் அறிவைப் பற்றி, அதே ஆற்றின் கரையில் இருந்து படிக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

பெற்ற கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்க 2021 ஜூலை 29 அன்று தேசிய அளவில் ஒரு கிரெடிட் வங்கி தொடங்கப்பட்டது. கல்லூரியில் கணக்கு திறக்கச் சொல்லும்போது ஆதாரில் உள்ளபடியே பெயரையும் பிறந்த தேதியையும் கொடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் அலைச்சல்தான்.

வீட்டுப் படிப்புக்கு நேரம் எங்கே?

அமெரிக்க மாணவர் செமஸ்டருக்கு 15 கிரெடிட் எடுத்தால் வாரம் ஏறக்குறைய 15 மணி நேரம் வகுப்பில் இருப்பார். நூலகத்திலும் அறையிலும் 30 மணி நேரம் தாமே படிக்க வேண்டும் என்பது அந்த முறையின் எதிர்பார்ப்பு. திருச்சி மாணவர் வாரம் 30 மணி நேரம் வகுப்பிலேயே இருக்கிறார். கிரெடிட் முறையின் உயிரே சொந்தப் படிப்பில்தான் இருக்கிறது. நாம் அந்த முறையை இறக்குமதி செய்தோம். சொந்தப் படிப்புக்கான நேரத்தைக் கொண்டுவரவில்லை.

முசிறியிலிருந்தும் லால்குடியிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் தினமும் பஸ்ஸில் வந்து போகும் மாணவர்களை எண்ணிப் பாருங்கள். ஐந்து மணி நேர வகுப்பு, போக வர இரண்டு மூன்று மணி நேரம். மாலை ஷிப்டில் படித்துக்கொண்டு காலையில் கடையில் வேலை பார்க்கிறவர்களும் உண்டு. 5 கிரெடிட் பேப்பருக்கு அவர்கள் எப்போது உட்கார்ந்து படிப்பார்கள்? தேர்வுக்கு முந்தைய வாரத்தில், நோட்ஸ் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு. அது அவர்களுடைய சோம்பல் அல்ல. நேரம் பங்கிடப்பட்ட விதம் அப்படி.

மொழிப் பாடத்தின் 6 மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தையும், மேஜரின் 5 மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தையும் நூலகப் படிப்புக்கும் எழுத்துப் பயிற்சிக்கும் ஒதுக்கி, ஆசிரியர் உடனிருந்து வழிகாட்டலாம். ஆசிரியரின் பணி நேரம் குறையாது. மாணவருக்குத் தானாகப் படிக்கும் பழக்கம் வரும். தன்னாட்சிக் கல்லூரிகள் நினைத்தால் அடுத்த பாடக் குழுக் கூட்டத்திலேயே இதைத் தொடங்க முடியும்.

வெளிநாடு போகும் கனவுக்கு

திருச்சியிலிருந்து மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் பொதுவான தவறு, 140 என்ற எண்ணை 120 என்ற எண்ணோடு நேராக ஒப்பிடுவது. "அமெரிக்கப் பட்டத்துக்கே 120 போதும், என்னிடம் 140 இருக்கிறதே" என்பார்கள். கணக்கு அப்படிப் போவதில்லை. சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக ஓராண்டு முழுநேரப் படிப்பை ஏறக்குறைய 30 அமெரிக்க கிரெடிட்டாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. மூன்றாண்டுப் பட்டம் 90க்கு அருகில் நிற்கும். அதனால்தான் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மூன்றாண்டுப் பட்டத்தோடு நேரடியாக முதுகலைச் சேர்க்கை தரத் தயங்குகின்றன. இங்கே ஒரு முதுகலையும் முடித்தால் அந்தத் தடை பெரும்பாலும் நீங்கும். ஐரோப்பாவில் மூன்றாண்டுப் பட்டம் வழக்கமானது. ஆண்டுக்கு 60 வீதம் 180 என்பது அவர்கள் கணக்கு. அங்கே பேப்பர் பேப்பராகப் பார்ப்பார்கள்: கணிதத்தில் எத்தனை கிரெடிட், இயற்பியலில் எத்தனை என்று.

மத்திய அரசின் வழிகாட்டுதல் மூன்றாண்டுக்கு 120, நான்காண்டுக்கு 160 கிரெடிட் என்று 2022 டிசம்பரில் வந்தது. தமிழ்நாட்டில் அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டமே தொடர்கிறது. எந்த நாட்டுக்குப் போக நினைத்தாலும் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: உங்கள் செமஸ்டர் பாடத்திட்ட நகல்களைப் பத்திரமாக வையுங்கள். பாடத்திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். பட்டம் வாங்கிய பிறகு பழைய நகலைத் தேடி அலைவது பெரும்பாடு.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

மாணவ மாணவியரே, பையில் மடித்து வைத்த அந்தத் தாளை எடுங்கள். ஒவ்வொரு பேப்பருக்கும் எதிரே உள்ள கிரெடிட்டைப் பேனாவால் வட்டமிடுங்கள். ஆறு செமஸ்டரையும் கூட்டி 140 வருகிறதா என்று பாருங்கள். எந்தச் செமஸ்டரில் கிரெடிட் குவிகிறது, எந்தச் செமஸ்டரில் இளைப்பாறலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். விருப்பப் பாடம் எந்தச் செமஸ்டரில் வருகிறது, அதில் எந்தெந்தத் துறைகளின் பாடங்கள் இருக்கின்றன என்று முன்கூட்டியே கேளுங்கள். சீனியர் சொல்லும் "அந்தப் பேப்பர் ஈஸி" என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்தப் பாடத்தின் முதல் யூனிட்டை நூலகத்தில் அரை மணி நேரம் புரட்டிப் பாருங்கள். பிடித்தால் எடுங்கள்.

பெற்றோர்களே, "எத்தனை மார்க்?" என்று கேட்கும் உங்கள் கேள்வியோடு "எந்தப் பாடத்தை நீயே தேர்ந்தெடுத்தாய், ஏன்?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகிய பிள்ளை, வேலைக்கான நேர்முகத் தேர்விலும் தடுமாறாது.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். முதலாண்டு அறிமுக நாளில் ஒரு மணி நேரத்தை இந்தத் தாளை விளக்குவதற்கென்று ஒதுக்குங்கள். விருப்பப் பாடங்களின் பட்டியலை, கற்பிக்கும் ஆசிரியர் பெயரோடும் இடங்களின் எண்ணிக்கையோடும் செமஸ்டர் தொடங்கும் முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மாணவர் விரும்பிய பாடம் கிடைக்கவில்லை என்றால் காரணத்தைச் சொல்லுங்கள். ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் விருப்பப் பாடம் நடத்தச் சொல்வது பயன் தராது என்பதை அரசும் உணர வேண்டும்.

140 கிரெடிட் என்பது ஒரு பிள்ளையின் மூன்றாண்டு இளமை. அதில் பத்தில் ஒரு பங்கையாவது அந்தப் பிள்ளையே தேர்ந்தெடுத்துப் படிக்க வழிசெய்யும் கல்லூரிதான் இந்த முறையை உண்மையாக நடத்தும் கல்லூரி.